நாலு வருசமா நித்தியகல்யாணி வளர்த்துப் பாத்ததுல

எங்க வீடு மதுரை ஒத்தக்கடை, யானைமலையப் பாத்த வாசல். கடப்பாரையப் போட்டா அரை அடியிலயே டங்குன்னு சத்தம் கேக்கும், அம்புட்டும் பாறை. போர் தண்ணி வேற உப்பு. மல்லிகையும் ரோஸும் வச்சு ஒரு சித்திரை கூடத் தாங்கல. 2021-ல தான் வெறுத்துப்போயி காம்பவுண்டு ஓரமா கல்லை அடுக்கி நடுநடுவுல நித்தியகல்யாணி வச்சேன்.

செம்மண், மணல், கொஞ்சம் சல்லி, அவ்ளோதான். விதை கறுப்பு எள்ளு மாதிரி இருக்கும், மேலாக தூவி விட்டுடாதீங்க, இருட்டு இருந்தாத்தான் முளைக்கும், லேசா மண்ணை மூடணும். முதல் மாசம் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி, அப்புறம் அக்னி நட்சத்திரத்துல கூட வாரத்துக்கு ஒருதடவை தான் ஊத்துறேன். மத்தியானம் இலை சுருண்டு பாவமா நிக்கும், அதைப் பாத்து பதறிப்போய் நான் முதல் வருசம் தினமும் ஊத்தி நாலு செடியை வேர் அழுக வச்சேன். சாயங்காலம் அதுவே நிமிர்ந்துக்கும்.

பெரிய பூவா இருக்கேன்னு நர்சரில ஹைபிரிட் வின்கா 12 செடி வாங்கினேன் (நித்தியகல்யாணியோட பழைய பேரு அது, அங்க இன்னும் அப்படித்தான்), ஐப்பசி மழை நாலு நாள் விடாம பெஞ்சதுல தண்டு கறுத்து ஒன்பது போச்சு. ரோஸ் கலர் நாட்டு நித்தியகல்யாணிக்கு ஒண்ணும் ஆகல.

மூணாவது வருசம் அடித்தண்டு கட்டையாகி பூ குறையும், ஆனியில அரை அடிக்கு வெட்டி விட்டா திரும்பத் துளிர்க்கும். பூ பச்சையாகி இலை சிறுத்து வந்தா மட்டும் யோசிக்காம புடுங்கிருங்க, அது நோய், தத்துப்பூச்சி பக்கத்துச் செடிக்கும் பரப்பிரும்.

ஆடு வாய் வைக்காது, விஷம். சுகருக்கு நல்லதுன்னு இலையை மெல்லுறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு வேணாம், கேன்சருக்குக் குடுக்குற வின்கிரிஸ்டினே இதுல இருந்து எடுக்குறது தான்.

குறைன்னா வாசம் கிடையாது, தலையில வைக்க முடியாது, மதுரைல இது சின்னக் குறையா? பக்கத்து வீட்டு அப்பத்தா வேற "சுடுகாட்டுப் பூவைப் போயி வாசல்ல வைப்பாகளாத்தா?"ன்னு இன்னும் கேக்குது.

இப்ப படிக்கட்டு வெடிப்புல வெள்ளையில சிவப்புக் கண்ணு வச்சது ஒண்ணு தானா முளைச்சிருக்கு, சிமெண்ட் பூசணும்னு வீட்டுக்காரர் சொல்லிட்டே இருக்கார், காய் முத்தட்டும் விதை எடுத்துட்டு பூசிக்கலாம்னு நிப்பாட்டி வச்சிருக்கேன்.