மேல்நிலை ஆங்கிலச் சொற்களுக்கு அன்கி செயலி: எங்கே கைகொடுக்கும், எங்கே சறுக்கும்

அன்கி ஒரு ஃபிளாஷ்கார்டு செயலி, அதாவது முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை கொண்ட கார்டுகளைக் காட்டும் செயலி. டேமியன் எல்ம்ஸ் 2006-இல் வெளியிட்டது. ஜப்பானிய மொழியில் இந்தப் பெயருக்கு மனப்பாடம் என்று பொருள். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபோனுக்குப் பணம் கட்ட வேண்டும். ஒரு சொல் மறக்கப்போகும் நேரம் பார்த்து அதைத் திரும்பக் கேட்பதுதான் இதன் வேலை, அதை அருமையாகச் செய்கிறது. ஆனால் கார்டில் என்ன எழுதுகிறோமோ அதுதான் பதியும்.

பலர் சறுக்குவது இங்கேதான். யாரோ தொகுத்த டெக்கை (கார்டுத் தொகுப்பை) இறக்கி, முன்பக்கம் ஆங்கிலச் சொல், பின்பக்கம் தமிழ்ப் பொருள் என்று உருப்போடுகிறார்கள். அடிப்படைச் சொற்களுக்கு இது போதும். ஹெசிடன்ட், ரிலக்டன்ட், ரெட்டிசென்ட் மூன்றுக்கும் ‘தயங்குகிற’ என்று எழுதிவைத்தால் கார்டில் விடை சரியாக வரும், எழுதும் வாக்கியம் தப்பாகிவிடும். என்ன செய்வதென்று உறுதியில்லாதவர் ஹெசிடன்ட். செய்ய மனமில்லாதவர் ரிலக்டன்ட். மனத்தில் இருப்பதை எளிதில் வாய்விட்டுச் சொல்லாதவர் ரெட்டிசென்ட்.

இதற்கு ‘க்ளோஸ்’ வகைக் கார்டுதான் சரி. படித்த இடத்தில் சொல் வந்த வாக்கியத்தை அப்படியே இட்டு, அந்தச் சொல்லை மட்டும் மறைத்துவிடுங்கள். முதல் எழுத்தைக் குறிப்பாகக் கொடுங்கள். இல்லாவிட்டால் அங்கே பொருந்தக்கூடிய வேறொரு சொல் நினைவுக்கு வந்து, விடை சரியா தப்பா என்றே தீர்மானிக்க முடியாது. பின்பக்கத்தில் பொருளோடு, கூடவே வரும் சொல்லையும் எழுதுங்கள்: மிட்டிகேட் (தணிப்பது) என்றால் ரிஸ்க், மிலிட்டேட் (எதிராக அமைவது) என்றால் எகென்ஸ்ட். இந்த இரண்டையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள். ஒலி ஒத்த சொற்கள் ஒன்றையொன்று குழப்பும். முதலாவது நன்றாகப் பதிந்த பிறகு மற்றதைச் சேர்க்கலாம்.

எந்தச் சொற்கள் என்று திகைப்பவர்கள் கல்விசார் நூல்களில் அடிக்கடி வரும் சொற்களை ஏவரில் காக்ஸ்ஹெட் தொகுத்து 2000-இல் வெளியிட்ட அகாடமிக் வேர்ட் லிஸ்டிலிருந்து தொடங்கலாம். 570 சொற்குடும்பங்கள்தான் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்).

அமைப்புகளில் முதலில் மாற்ற வேண்டியது புதிய கார்டுகளின் எண்ணிக்கை. செயலியே வைத்திருப்பது நாளுக்கு 20. தினசரி மீள்பார்வை இதைப்போல 7 முதல் 10 மடங்காகும் என்பதால், சில வாரங்களில் 150-க்கு மேல் குவிந்து ஆளைத் துரத்திவிடும். 5 முதல் 8 போதும். கார்டை அடுத்து எப்போது கேட்பது என்று கணிக்கும், 2023-இல் வந்த எஃப்எஸ்ஆர்எஸ் முறையை இயக்கி, நினைவு இலக்கை (கேட்கும்போது எத்தனை சதவீதம் நினைவிருக்க வேண்டும் என்பதை) 90 சதவீதத்திலேயே விடுங்கள். 95-க்கு ஏற்றினால் மீள்பார்வை மளமளவென்று கூடும்.

விடையைப் பார்த்தபின் அழுத்தும் பொத்தான்களில் ‘ஹார்ட்’, கஷ்டப்பட்டாவது நினைவுக்கு வந்தவற்றுக்கு மட்டும். மறந்ததற்கு ‘அகெய்ன்’ அழுத்தாமல் ‘ஹார்ட்’ அழுத்தினால் அன்கி அதைத் தேர்ச்சியாகவே எடுத்துக்கொள்ளும், இடைவெளிக் கணக்கு கெட்டுப்போகும். 8 முறை மறந்த கார்டுக்கு ‘லீச்’ என்ற குறி விழும். அதோடு மல்லுக்கட்டாமல் வேறு வாக்கியம் போட்டு எழுதுங்கள். பெரும்பாலும் கோளாறு கார்டில்தான் இருக்கும்.

இறக்கும்போது கவனம்: ஆண்ட்ராய்டில் இதன் பெயர் அன்கிட்ராய்டு, ஐபோனில் அன்கிமொபைல். பெயரை மட்டும் ஒட்டிக்கொண்ட வேறு செயலிகளும் உலவுகின்றன.