பழைய மரக்கடையில் வேலிக்கால் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

பொள்ளாச்சி பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் இடத்தில் கத்தரி, வெண்டை, கீரை போட்டிருக்கிறோம். ஆடும் மயிலும் சேர்ந்து ஒரு தக்காளி மிச்சம் வைக்கவில்லை. சரி, இடித்த வீட்டு மரத்தில் கால் நட்டு வலை கட்டிவிடலாம் என்று கிளம்பினேன். (மயில் வேலிக்கு மேலே பறந்து வரும் என்பது அப்போது மண்டையில் உறைக்கவில்லை.)

கடைக்காரர் நன்றாகப் பேசினார். "ஓட்டு வீடு இடிச்ச மரமுங்க, அத்தனையும் வேங்கை. உங்க பேரன் காலத்துக்கும் நிக்கும்." ஆறடிக் கால் தலா 350 ரூபாய். 22 கால்களைப் பொறுக்கித் தனியாகச் சாய்த்து வைத்துவிட்டு, 7,700 ரூபாயையும் மொத்தமாகக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு சாக்கட்டியால் அடையாளம் போட்டிருக்கலாம். போடவில்லை. பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதித் தந்தார்.

குட்டி யானையில் சரக்கு வந்தபோது இருட்டிவிட்டது. வண்டி வாடகை 1,200. எல்லாக் காலிலும் கழிவு ஆயில் பளபளவென்று பூசியிருந்தது. கரையானுக்காகப் பூசியிருக்கிறார் போல, நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்!

ஐப்பசி மழையில் ஒன்பது கால் சாய்ந்தது. ஒன்றை அசைத்தேன், மண்மட்டத்தில் கரும்பு மாதிரி முறிந்தது. நட்ட கால் எப்போதும் அந்த இடத்தில்தான் முதலில் போகும்; ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கும் இடம் அது. ஆனால் இரண்டே மாதத்தில் எந்த மரமும் அப்படிப் போகாது. அடிப்பக்கத்தைச் சுரண்டிப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. ஏற்கெனவே எங்கோ நட்டிருந்து உளுத்துப்போன கால்கள். பொந்துகளில் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்து, மேலே ஆயில் பூச்சு. வைரம் பாய்ந்த மரம் என்று நான் தடவிப் பார்த்த கால்கள் இவை இல்லை.

இன்னும் ஐந்து கால் வெயிலில் தார் வாடை அடித்தது. மாமனார்தான் மோந்து பார்த்து, "மாப்பிள்ளை, இது தண்டவாளத்துக் கட்டைங்க" என்றார். பழைய ரயில்வே ஸ்லீப்பரை நெடுக்காக அறுத்திருக்கிறார்கள். அதில் ஏற்றியிருப்பது நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கும் கிரியோசோட், மரம் உளுக்காமல் இருக்க ஏற்றும் விஷ மருந்து. கீரைப் பாத்தியிலிருந்து ஒரு முழம் தள்ளி அதை நட்டிருந்தேன். அன்றைக்கே பிடுங்கினேன், அந்தப் பாத்திக் கீரையை மாட்டுக்குக்கூடப் போடவில்லை.

கடைக்காரருக்குப் போன் செய்தால், "பழைய சரக்குங்க, பாத்துத்தானே எடுத்தீங்க?" என்கிறார். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லலாம்தான். ஆனால் காட்ட என்னிடம் இருப்பது கடைப் பெயர்கூட இல்லாத அந்தத் துண்டுச் சீட்டு.

நீங்கள் போனால் பகலில் போங்கள், ஒரு ஸ்க்ரூடிரைவரோடு. மண்ணுக்குள் போகிற ஒன்றரை அடியைத்தான் குத்திப் பார்க்க வேண்டும். முனை சுலபமாக இறங்கினால் அந்தக் காலைத் தொடாதீர்கள். கல்லால் தட்டினால் நல்ல மரம் கணீர் என்னும், உளுத்தது மொத்தென்று கேட்கும். ஆயில் பூசியது எதுவானாலும் அடியில் இரண்டு அங்குலம் அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடை பாருங்கள். ஏற்றும்போது கூடவே நில்லுங்கள்.

இப்போது கல்லுக்கால் நட்டிருக்கிறோம். உளுத்த மரம் வெந்நீர் அடுப்புக்குப் போயிற்று. ஸ்லீப்பர் கட்டையை எரித்தால் அந்தப் புகையும் விஷம் என்பதால் ஐந்தும் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கிடக்கின்றன. சும்மா தருகிறேன் என்றாலும் பழைய சாமான்காரர் எடுத்துப்போக மாட்டேன் என்கிறார்.