கட்டளையா, மண்டகப்படியா, நன்கொடையா?

காவிரி டெல்டாவிலிருந்து சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ குடிபெயர்ந்த குடும்பங்களில், சொந்த ஊர்க் கோயிலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், கோயிலின் ஒரு குறிப்பிட்ட செலவுக்கென்று நிலத்தைக் கட்டளையாக எழுதிவைப்பதா, திருவிழாவில் ஒரு நாள் செலவு முழுவதையும் ஏற்கும் மண்டகப்படியை எடுத்துக்கொள்வதா, ஒரேயடியாக நன்கொடை கொடுத்துவிடுவதா என்ற கேள்வியும் உடன் எழுகிறது.

கட்டளையின் சிறப்பு அதன் கறார்தன்மை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் என்று கணக்கு வைத்து, அதற்கு ஈடாக நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும் என்று விதித்தார்கள். தானே பெருகும் ஒன்றைக் கொடுத்தால் தருமம் தேயாது என்பதே இதன் அடிப்படை. நிலக் கட்டளைக்கும் அது பொருந்தும். திருவாரூர் தியாகராசர் கோயிலில் ராஜன் கட்டளை, அபிஷேகக் கட்டளை எனச் செலவுக்கேற்பத் தனித்தனிக் கட்டளைகள் இருப்பதும் இந்தக் கறாரினால்தான். ஆனால் வருமானம் குத்தகையை நம்பியிருக்கிறது. வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்படாமல் குறுவை நெல் சாகுபடி பொய்த்தால் குத்தகை நெல் பாக்கி விழும். எழுதிவைத்தவரின் பேரனுக்கோ நிலத்தின் சர்வே எண்கூடத் தெரியாது.

மண்டகப்படியில் இந்தத் தொல்லை இல்லை. அபிஷேகச் சாமான், மாலை, நாகசுரம், தவில், சுவாமி தூக்குவோர் கூலி, பிரசாதம் என அன்றைய செலவு முழுவதும் உபயதாரர் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், பூ விலை ஏறினாலும் கோயில் கணக்கில் துண்டு விழாது. என் மதிப்பீட்டில் மூன்றிலும் இதுவே உறுதியானது. ஆண்டுக்கொருமுறை குடும்பத்தையும் ஊருக்கு இழுத்து வருகிறது. எனினும் கோயில் மரியாதையாகத் தலையில் கட்டும் பரிவட்டம் யாருக்கு என்பதில் பங்காளிகள் முறைத்துக்கொள்வதும் இங்கேதான். சாதியும் இதில் குறுக்கே நின்றிருக்கிறது: வேதாரண்யத்தை அடுத்த கள்ளிமேட்டில் தங்களுக்கும் ஒரு நாள் மண்டகப்படி வேண்டும் என்று தலித் மக்கள் கேட்டது 2016இல் பெரும் பிரச்சினையானது. அந்த உரிமை மறுக்கப்படும் ஊரில் இந்த முறையின் பெருமையைப் பேசுவதில் பொருளில்லை.

நன்கொடை எளிது, குடமுழுக்குக்கு உதவும். அது முடிந்த மறுநாள் விளக்குக்கு எண்ணெய் வாங்கித்தர ஆளிருக்காது. வைப்புநிதியாகப் போட்டாலும் விலைவாசி அதைத் தின்றுவிடும். நாளுக்கு ஒருவேளைப் பூசைக்கே வருமானம் போதாத கோயில்களுக்கான அறநிலையத் துறையின் ஒருகால பூசைத் திட்டத்தில் கோயிலுக்கு 1 லட்சம் ரூபாயாக இருந்த வைப்புநிதியை 2022இல் 2 லட்சமாக உயர்த்த நேர்ந்தது. கோயிலுக்குக் கொடுத்த டியூப்லைட்டில் தம் பெயரை எழுதுவோரைக் கேலி செய்கிறோம். ஆனால் "மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" பெரிய கோயில் கல்லிலே வெட்டச் சொன்னவன்தானே ராஜராஜன்! அந்தக் கல், கொடுத்தவர் பெயரோடு எதற்கு, எவ்வளவு என்பதையும் சொல்கிறது. டியூப்லைட்டில் வெறும் பெயர்தான் இருக்கிறது.

ஆண்டுதோறும் வர முடிந்தவர்கள், பங்காளிகளுக்குள் முறைவைத்து, மண்டகப்படியை எடுத்துக்கொள்ளலாம். வர இயலாதவர்கள் புதிதாக நிலம் வாங்கி எழுதுவதைவிட, வருமானம் போதாமல் நின்றுபோன பழைய கட்டளை ஏதேனும் உண்டா என்று கோயில் செயல் அலுவலரிடம் கேட்டு, அதன் பற்றாக்குறையை ஏற்பது மேல்.