1990 குவைத் மீட்புச் சேவை: மாட்டுங்காவிலிருந்து ஒரு மதிப்புரை

1990 ஆகஸ்ட் 2 அன்று குவைத்தை ஈராக் கைப்பற்றியபோது அங்கே சிக்கிக்கொண்ட ஏறத்தாழ 1,70,000 இந்தியர்களுள் நானும் என் மனைவியும் இருந்தோம். எங்களை ஜோர்தானின் தலைநகர் அம்மான் வழியாகப் பம்பாய் கொண்டுவந்து சேர்த்த இந்திய அரசின் மீட்புச் சேவைக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன்.

முதற் பாராட்டு, எந்தப் பக்கமும் சாயாமல் நின்ற அந்த வெளியுறவுக் கொள்கைக்கே உரியது. அன்றைய வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் பாக்தாத் சென்று ஈராக் அதிபர் சதாம் உசேனைத் தழுவிக்கொண்டதைக் கண்டு பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் ஈராக்கின் ஒப்புதல் இல்லாமல் ஒரு பேருந்துகூட அந்நாட்டைக் கடந்து ஜோர்தானுக்குப் போயிருக்க முடியாது என்பதை உள்ளே தவித்த நாங்கள் அறிவோம்.

விமானச் சேவையில் குறை சொல்ல எதுவுமில்லை. முதலில் விமானப்படை வந்தது; பிறகு ஏர் இந்தியா பொறுப்பேற்று, அக்டோபர் வரை 488 முறை பறந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஊர் சேர்த்தது.

குறையெல்லாம் தரைவழியில்தான். குவைத்திலிருந்த தூதரகங்களை ஆகஸ்ட் 24-க்குள் மூடும்படி ஈராக் கட்டளையிட்டதால் நம் தூதரகம் ஈராக்கின் பாஸ்ரா நகருக்கு மாறியது. கடவுச்சீட்டை முதலாளியிடம் ஒப்படைத்துவிட்டு வேலை பார்த்த கட்டடத் தொழிலாளிக்கு, தற்காலிகப் பயணத்தாள் மிகவும் தேவைப்பட்ட வேளையில், அதைத் தரவேண்டிய அலுவலகம் எட்டாத தொலைவுக்குப் போயிற்று. ஜோர்தான் எல்லைப் பாலைவனத்திலோ, தண்ணீர் லாரி வந்து நின்றதும் கைக்குழந்தைக்காரிகளும் நோயாளிகளும் மற்றவர்களோடு முண்டியடிக்க வேண்டியிருந்தது; வரிசையை ஒழுங்குபடுத்த ஆட்கள் போதவில்லை.

வந்திறங்கிய பின்னரும் சிரமம் தீரவில்லை. என் மனைவி உள்பாவாடைக் கரையில் வைத்துத் தைத்துக் கொண்டுவந்த தினார் நோட்டுகளை மாற்றித் தர எந்த வங்கியும் முன்வரவில்லை. எங்களுக்காவது பம்பாயின் மாட்டுங்கா பகுதியில் அத்தை வீடு இருந்தது. திருநெல்வேலிக்கும் தஞ்சாவூருக்கும் போகவேண்டிய பலரிடம் பம்பாயின் தாதர் நிலையத்தில் மதராஸ் வண்டி ஏறுவதற்குக்கூடக் காசில்லை.

இழப்பீட்டுக்காக 1991-இல் ஐ.நா. ஓர் ஆணையத்தை ஜெனிவாவில் அமைத்தது; ஈராக்கின் எண்ணெய் வருவாயில் ஒரு பங்கிலிருந்து பணம் வழங்கப்பட்டது. நம் மனுக்களை அரசே திரட்டி அனுப்பியது பெரிய உதவி. குவைத்தை விட்டு வெளியேறியதற்குச் சான்று காட்டினாலே ஒரு குறிப்பிட்ட தொகை உண்டு என்ற பிரிவினால், இழந்த பொருளுக்கு ஒரு ரசீதுகூட இல்லாத தொழிலாளர்களும், பல ஆண்டுகள் காத்திருந்தேனும், தங்கள் பங்கைப் பெற்றார்கள்.