சுட்டிமோனை எந்தப் படத்தில் தொடங்குவது?

தாய்லாந்து நடிகை சுட்டிமோன் சுயெங்சரோன்சுக்யிங். ஒரே மூச்சில் சொல்லக் கஷ்டமான பெயர்தான். தாய்லாந்திலேயே அவரை 'ஓக்பாப்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். மாடலாக இருந்தவருக்கு 2017இல் வந்த 'பேட் ஜீனியஸ்' முதல் படம். புதிதாகப் பார்ப்பவர்களுக்குப் பலரும் அதைத்தான் சொல்வார்கள். என் ஓட்டு 2019இல் வந்த 'ஹாப்பி ஓல்ட் இயர்' படத்துக்கு.

'பேட் ஜீனியஸ்' கதை பரீட்சையில் காப்பி அடிப்பது பற்றியது. ஷூவுக்குள் ரப்பரை வைத்துத் தோழிக்கு விடை அனுப்புவதில் தொடங்கும் லின் (ஓக்பாப்), பிறகு பியானோ வாசிக்கும் விரலசைவுகளையே விடைக்கான சங்கேதமாக்குகிறாள். கடைசியில் சிட்னிவரை போய்த் தேர்வு எழுதுகிறாள். இயக்குநர் நட்டவுட் பூன்பிரியா இதை வங்கிக் கொள்ளைப் படம்போல வெட்டி ஒட்டியிருக்கிறார். ஓக்பாப் முகத்தை அசைக்காமல் இருந்தாலே போதும், பதற்றத்தைக் கடிகாரமும் படத்தொகுப்பும் பார்த்துக்கொள்கின்றன. 'மாட்டுவாளா?' என்று நகத்தைக் கடிக்கிறோம். அவள் யார் என்று யோசிக்க நேரம் இருப்பதில்லை.

நவபோல் தம்ரோங்ரத்தனாரித் இயக்கிய 'ஹாப்பி ஓல்ட் இயர்' படத்தில் அந்த உதவி எதுவும் அவருக்கு இல்லை. ஸ்வீடனிலிருந்து திரும்பும் ஜீன், வீட்டை ஒழித்து அலுவலகமாக்க நினைக்கிறாள். பழைய சாமான்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கப் போகிறாள். முன்னாள் காதலனின் கேமராவும் அதில் ஒன்று. அதே அசையாத முகம்தான். ஆனால் இங்கே அது கல்நெஞ்சா, குற்ற உணர்ச்சியா என்று நாமேதான் தேட வேண்டியிருக்கிறது. இதிலும் ஒரு பியானோ உண்டு. குடும்பத்தை விட்டுப் போன அப்பாவுடையது. அம்மா அதைத் தரமாட்டேன் என்கிறாள். முதல் படத்தில் தந்திரமாக இருந்த பியானோ, இதில் தூக்கவும் முடியாமல் இறக்கவும் முடியாமல் நிற்கிறது. மகள் அதை என்ன செய்கிறாள் என்பதை நான் சொல்லமாட்டேன்.

2023இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'ஹங்கர்' எனக்கு மூன்றாவதுதான். தெருக்கடையில் நூடுல்ஸ் வறுக்கும் ஆய் என்ற பெண், பால் என்ற பெரிய சமையல்காரரிடம் வேலைக்குச் சேர்கிறாள். நெருப்புக்கு முன்னால் ஓக்பாப்பின் கை பொய் சொல்லவில்லை. ஆனால் பணக்காரன், ஏழை என்று வசனம் போதித்துக்கொண்டே இருக்கிறது. பால் வேடத்தில் வரும் நொப்பாச்சாய் பாதிப் படத்தைத் தின்றுவிடுகிறார்.

வீட்டில் கூட்டமாக உட்கார்ந்து பார்ப்பதென்றால் மட்டும் என் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். 'ஹாப்பி ஓல்ட் இயர்' ஓடும்போது யாராவது ஒருவர் "இதுல என்னதான் நடக்குது?" என்று கேட்டே தீருவார்.