எலும்புப்புரைக்குச் சோலெட்ரோனிக் ஆசிட் ட்ரிப்ஸ்: மூன்று தடவை ஏற்றிக்கொண்ட அனுபவம்

எனக்கு 63 வயது. நாலு வருஷத்துக்கு முன்னால் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தபோது முதுகில் மளுக்கென்றது, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எக்ஸ்ரேயில் முதுகெலும்பில் ஒரு கட்டை நசுங்கியிருந்தது, எலும்பின் அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 3.2 (மைனஸ் கூடக்கூட எலும்பு பலவீனம்). மூட்டுத் தேய்மானம் என்பது வேறு நோய், இது எலும்பே அடர்த்தி குறைந்து சுலபமாக உடைகிற எலும்புப்புரை என்றார் டாக்டர்.

முதலில் வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு அரை மணி நேரம் காபியும் கூடாது, படுக்கவும் கூடாது. நெஞ்செரிச்சல் தாங்காமல் நாலே மாதத்தில் நிறுத்திவிட்டேன், டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை.

அப்புறம்தான் இந்த ட்ரிப்ஸ். வருஷத்துக்கு ஒரு தடவை, 5 மில்லிகிராம், கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஏற்றுவார்கள். காலையில் ஏற்றிக்கொண்டு வந்து மத்தியானம் சாம்பார்கூட வைத்தேன். ராத்திரி பத்து மணிக்குக் குளிர ஆரம்பித்தது. இரண்டு போர்வை போதாமல் பேத்தியின் ஸ்வெட்டரைக் காலில் சுற்றிக்கொண்டேன், காய்ச்சல் 102. உடம்பு வலி அப்படியே சிக்குன்குனியா மாதிரி, காலையில் பல் தேய்க்கக் கை மேலே எழவில்லை. மூன்றாம் நாள் தானாகவே விட்டது. காய்ச்சலைக்கூட மன்னித்துவிடலாம், இப்படி வரும் என்று அந்த ஆஸ்பத்திரியில் ஒருத்தர்கூட முன்னால் சொல்லாததைத்தான் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இனி வேண்டவே வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அடுத்த வருஷம் தேதி தாண்டி இரண்டு மாதம் போகவில்லை. வேறொரு டாக்டர்தான் பொறுமையாக உட்காரவைத்துச் சொன்னார். 2007-இல் வெளியான பெரிய ஆய்வில் முதல் தடவை சுமார் மூன்றில் ஒருவருக்கு இந்த மாதிரி வந்திருக்கிறது, இரண்டாம் தடவை நூற்றில் ஏழு பேருக்குத்தான், மூன்றாம் தடவை மூன்று பேருக்கு. அதே ஆய்வில் மூன்று வருஷத்தில் முதுகெலும்பு முறிவு 70 சதவீதமும் இடுப்பெலும்பு முறிவு 41 சதவீதமும் குறைந்ததாம். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த இரண்டு மாதம் போயிருக்காதே!

இரண்டாம் தடவை கிரியேட்டினின் (சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை), கால்சியம், வைட்டமின் டி மூன்றும் பார்த்த பிறகே ஏற்றினார்கள். தாடை எலும்புப் பிரச்சினை அபூர்வமாக வருமாம், அதனால் ஆடிக்கொண்டிருந்த பல்லை முன்கூட்டியே பிடுங்கிக்கொண்டேன். நன்றாகத் தண்ணீர் குடித்து, டாக்டர் சொன்னபடி பாராசிட்டமால் போட்டேன். லேசான அசதி, அவ்வளவுதான். மூன்றாம் தடவை அன்று சாயங்காலமே கோயிலுக்குப் போய்வந்தேன். இப்போது டி-ஸ்கோர் மைனஸ் 2.7, புதிதாக எந்த முறிவும் இல்லை.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு இதே எலும்புப்புரைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு டெனோசுமாப் ஊசி. வலி இல்லையே என்று அவரே நிறுத்திவிட்டார், ஒரு வருஷத்துக்குள் முதுகில் இரண்டு இடத்தில் நசுங்கிவிட்டது. என் மருந்து எலும்பிலேயே தங்கும், கொஞ்சம் தள்ளிப்போனாலும் தாங்கும். அந்த ஊசி அப்படியில்லை, நிறுத்துவதென்றால் டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றித்தான் நிறுத்த வேண்டும். தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வர்ற வியாழக்கிழமை என் நாத்தனாருக்கு முதல் ட்ரிப்ஸ். ராத்திரி குளிர் வரலாம், பயப்படாதே என்று இப்போதே சொல்லிவைத்துவிட்டேன். கஞ்சி வைத்துக்கொடுக்க அன்றைக்கு அவள் வீட்டில்தான் தங்கப்போகிறேன்.