நல்ல கார், மூச்சு விடாத டேஷ்போர்டு

என் காரில் உள்ளே காற்றைத் தள்ளும் விசிறிதான் புளோயர்; அதன் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் மீண்டும் எரிந்து, இந்த முறை புளோயர் மோட்டாரோடு சேர்த்து மாற்றியாகிவிட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் இந்தக் காரைப் புகழ ஆரம்பித்துவிடுவேன். புகழ நிறைய இருக்கிறது. என்ஜின் இன்றும் ஒரே அசைவில் உயிர்பெறுகிறது, கிளட்ச் இலகுவாக இருக்கிறது, நெடுந்தூரம் ஓட்டி இறங்கினாலும் முதுகு வலிப்பதில்லை. அது போதும், காற்றுக்கு வருவோம்.

புளோயரின் வேகக் குமிழை ஒன்றில் வைத்தால் காற்றுமில்லை, சத்தமுமில்லை. இரண்டிலும் மூன்றிலும் அதே கதை. நான்கில் வைத்தால் புயல். இந்த அறிகுறியைக் கண்டாலே ரெசிஸ்டர்தான் என்று சொல்லிவிடலாம். குமிழ் வைத்த பழைய அமைப்பில், குறைந்த வேகங்களுக்கான மின்சாரம் ரெசிஸ்டரின் கம்பிச்சுருள்கள் வழியாகப் போகிறது. கடைசி வேகத்துக்கு மட்டும் அதைத் தாண்டி நேராக மோட்டாருக்குப் போகிறது. அளவுக்கு மீறிச் சூடானால் அறுந்துவிடும் காப்பு ஃபியூஸ் ஒன்று ரெசிஸ்டரில் இருக்கிறது; அது போனால் கீழ் வேகங்கள் எல்லாம் ஒன்றாகச் சாகும். ஒரே ஒரு வேகம் மட்டும் போனால், அதற்குரிய சுருளையோ குமிழின் சுவிட்சையோ பார்க்க வேண்டும்.

அந்தப் புயலோடு கார் ஓட்டுவது தனி அனுபவம். பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். இல்லாவிட்டால் புளோயரை நிறுத்த வேண்டும். பல கார்களில் புளோயர் நின்றால் ஏசி கம்ப்ரசரும் நின்றுவிடும், இதிலும் அப்படித்தான். வெயிலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மழையில் முன்கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்து மூடிக்கொள்ளும்போதுதான் காற்று என்பது சொகுசு இல்லை, பார்வை என்று உறைக்கிறது.

முதலில் போன பட்டறையில் "ஏசி கேஸ் குறைந்திருக்கும்" என்றார்கள். கேஸ் குறைந்தால் காற்று குளிராது, வராமல் போகாது. இதைச் சொன்னதற்கு என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பிறகு ரெசிஸ்டரை மாற்றித் தந்தார்கள், வேலை செய்தது. சில மாதங்களில் அதுவும் எரிந்தது. இன்னொரு ரெசிஸ்டர். அதுவும் போனது. ஏன் எரிகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. என் எரிச்சல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

ரெசிஸ்டர் சூடாகும் பொருள். அதனால்தான் அதைக் காற்றுக்குழாய்க்குள்ளேயே பொருத்துகிறார்கள். புளோயரின் காற்றே அதைக் குளிர்விக்கிறது. உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் தூசியால் அடைத்துக்கொண்டால் காற்று குறைகிறது, ரெசிஸ்டர் வெந்துபோகிறது. அதைவிட மோசமானது மோட்டார் இறுகுவது. கண்ணாடியின் அடியில் உள்ள காற்று நுழைவாயில் வழியாக இலைச் சருகும் ஈரமும் இறங்கி, பேரிங் தேய்ந்து, சுழலச் சிரமப்படும் மோட்டார் கூடுதல் மின்சாரத்தை இழுக்கிறது. அந்தச் சுமையைத் தாங்குவது ரெசிஸ்டரும் அதன் கனெக்டரும்தான். இந்த முறை கழற்றியபோது கனெக்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தது. மோட்டாரின் விசிறியைக் கையால் சுழற்றினேன். அரை வட்டத்தில் முனகிக்கொண்டு நின்றுவிட்டது. குற்றவாளி அங்கேயே இருக்க, எரிந்துபோனவனையே திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

எந்த வேகத்திலுமே காற்று வரவில்லை என்றால் வழி வேறு. காதைக் கொடுத்துக் கேளுங்கள். மோட்டார் ஓடும் சத்தம் வந்தும் காற்று இல்லையென்றால் ஃபில்டர் அடைப்பு, உள்ளே திறக்காத மடல், அல்லது அச்சிலிருந்து கழன்ற விசிறி. ஓடத் தொடங்கும்போது நன்றாக வந்து, நேரம் போகப்போகக் காற்று மெலிந்து, ஏசியை அணைத்துவைத்தால் மீண்டும் வருகிறதென்றால் குளிர்ச்சுருளில் பனிக்கட்டி படிகிறது. சத்தமே இல்லையென்றால் முதலில் ஃபியூஸ், அடுத்து ரிலே, பிறகு மோட்டாரின் கனெக்டரில் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் வந்து, எர்த்தும் சரியாக இருந்து, மோட்டார் அசையவில்லையென்றால் மோட்டார்தான். ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் அதன் உடலை மெல்லத் தட்டும்போது உயிர்பெற்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. அந்த உயிரை நம்பி ஊருக்குக் கிளம்ப வேண்டாம். ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில்தான் மாற்ற வேண்டும். பெரிய ஃபியூஸ் போட்டால் அடுத்து எரிவது ஒயர்.

இந்தக் காரின் வடிவமைப்பாளரிடம் எனக்கு ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. கேபின் ஃபில்டரை, குளவ் பாக்ஸை இறக்கி, கருவி எதுவும் இல்லாமல் கழற்றலாம். அவ்வளவு அழகாகச் செய்திருக்கிறார். அதே மனிதர் ரெசிஸ்டரை ஒரு கை தூரத்தில், கண்ணுக்கே தெரியாத ஒரு திருகாணியோடு ஒளித்துவைத்திருக்கிறார். முன்பயணியின் காலடியில் மல்லாந்து படுத்து, விரல் நுனியால் தேடித்தான் அதைக் கழற்ற வேண்டும். புளோயர் ஓடி முடித்த கையோடு தொட்டால் சுடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது புதிய மோட்டார், புதிய ரெசிஸ்டர், புதிய கனெக்டர், புதிய ஃபில்டர். முதல் வேகத்தில் காற்று வருகிறதா என்று கையை நீட்டிப் பார்க்கும் அளவுக்கு அமைதி.

இதே மாடலைப் பழையதாக வாங்க நினைக்கும் நண்பர் கேட்டதற்கு, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மேலே எழுதிய புகழ்ச்சியோடு இது பொருந்தவில்லை என்பது தெரியும். பொருந்த வேண்டும் என்ற எண்ணமும் இன்று இல்லை. அவர் பிடிவாதமாக வாங்குவார். அப்படியானால் என்ஜினை இயக்கும் முன் சாவியை மட்டும் திருப்பி, புளோயரை ஒன்றிலிருந்து நான்கு வரை ஒவ்வொன்றிலும் சற்று நேரம் வைத்துக் கேட்கட்டும். கீச்சொலியோ முனகலோ வந்தால், மோட்டார், ரெசிஸ்டர், கனெக்டர் மூன்றையும் சேர்த்து மாற்றும் செலவை விலையில் கழித்துத்தான் பேச வேண்டும்.